மஞ்சள் விளக்கு

கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் வண்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நாவலுக்கு வந்த தொகையும், என் சம்சாரத்துக்கு நகைச் சீட்டில் விழுந்த பணமும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்துவிட்டன. தனித்தனியாக வந்திருந்தால் தனித்தனியாகச் செலவாகிப் போயிருக்கும். சேர்ந்து வந்ததுதான் வினை. சென்னையில் ஒருவர் விற்ற 2014-ஆம் வருஷத்துச் சின்னக் கார் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அதே 2014-இல்தான் அம்பாஸடர் காரின் உற்பத்தி நின்று போயிற்று. என் பெரியப்பா அம்பாஸடர் வைத்திருந்தவர். வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் அது வாய்விட்டுச் சொல்லும். இருமும், புகையும், முனகும். பெரியப்பா நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் நுனியை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு டாக்டரைப் போலக் கண்ணை மூடிக் கேட்பார். "பேரிங் பேசுது" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்தக் காலத்து வண்டி அப்படி வாய்விட்டுப் பேசுவதில்லை. போன வருஷம் மார்கழியில் ஒரு நாள், காவிரிப் பாலத்தின் மேல் போய்க் கொண்டிருந்தபோது, வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் இஞ்சின் உருவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். சத்தம் இல்லை, புகை இல்லை. வண்டி வழக்கம் போல ஓடிற்று.

"ஏங்க, அது என்ன மஞ்சளா எரியுது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஒன்றுமில்லை" என்றேன். தெரியாத விஷயத்துக்கு ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது.

எனக்கென்று ஒரு மெக்கானிக் உண்டு. பாலக்கரைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடுவோம். நேராக அவரிடம் போயிருக்க வேண்டும். போக முடியாமல் ஒரு சங்கடம். நாலு மாதத்துக்கு முன்னால் அவர் கிளட்ச் மாற்றிக் கொடுத்தபோது, என் மருமான் தன் கைப்பேசியில் அந்தச் சாமானின் விலையைத் தேடிப் பார்த்துக் குறைவாகச் சொன்னான். நானும் பெரிய கண்டுபிடிப்புப் போல, நாலு பேர் நிற்கிற இடத்தில் அதைப் பாயிடம் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அறுநூறு ரூபாயைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு அடுத்த வண்டியின் அடியில் படுத்துக்கொண்டார். கைப்பேசி காட்டியது வேறொரு மாடலின் கிளட்ச் தட்டு என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அறுநூறு ரூபாயை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே ஊருக்கு வெளியே, கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய பணிமனைக்குப் போனேன். பெயர் எதற்கு? ஒரு பையன் ஸ்டியரிங்குக்கு அடியில் எதையோ செருகினான். இரண்டு நிமிஷம் ஆயிற்று. "கேட்டலிடிக் கன்வர்ட்டர் போயிடுச்சு சார், மாத்தணும்" என்றான். நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சீட்டு எழுதினான். பார்த்த கூலி எண்ணூறு.

"எப்படி அப்பா தெரியும்?"

"மெஷின் சொல்லுது சார்."

மெஷினை எதிர்த்து யார் பேசுவது? எண்ணூறு ரூபாயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவே ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் பாயையும் நம்ப வேண்டாம், பணிமனையையும் நம்ப வேண்டாம். அந்த மெஷினை நாமே வாங்கிவிடுவது. யாரையும் நம்பாமல் இருப்பதற்கு ஒரு கருவி கிடைக்குமானால் எந்த மனிதன்தான் வேண்டாம் என்பான்?

வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். இந்த விளக்கின் வரலாறு எனக்கு ஒரு கதையைப் போலவே இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1940-களில் கண்ணை எரிக்கிற புகைமூட்டம் ஒன்று கவிந்துகொண்டே இருந்தது. ஹாலந்தில் பிறந்து கலிபோர்னியாவில் வேலை பார்த்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி அப்போது அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தை முகர்ந்த அந்த மூக்கை ஊர்க் காற்றின் பக்கம் திருப்பினார். மோட்டார் வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் வாயுக்கள் வெயிலில் வெந்து இந்த மூட்டமாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். 1968-இல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவரும் ஆனார். அந்த வழியில் பிறந்த சட்டங்களின் கடைசிக் குழந்தைதான் இந்த மஞ்சள் விளக்கு. வண்டி தன் புகையைத் தானே சோதித்து, தவறு கண்டால் எழுதி வைத்து விளக்கேற்ற வேண்டும் என்ற 'ஓபிடி-2' ஏற்பாடு, 1996-ஆம் வருஷ மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 2013 ஏப்ரலிலிருந்து அது வந்தது. ஆக, விளக்கு எரிவது என் சௌகரியத்துக்காக அல்ல. எனக்குப் பின்னால் வருகிறவனின் மூச்சுக்காக. இது தெரிந்தபோது எனக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் எத்தனை நாள் தாங்கிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி கருவி. கடைத்தெருவில் இதற்கு மூன்று ஜாதி உண்டு. முதலாவது, தீப்பெட்டி அளவு செருகி. நான் பார்த்தபோது ஐந்நூறு, அறுநூறு ரூபாய். வண்டியிலுள்ள பதினாறு முனைச் சொருகுவாயில் வைத்தால், ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்குச் சேதி அனுப்பும். இதற்குள்ளே இருக்க வேண்டியது இஎல்எம் 327 என்ற சில்லு. கனடாவில் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனி 2022-இல் மூடிவிட்டது. ஆனால் சில்லின் நகல்கள் மட்டும் உலகமெங்கும் பெருகிவிட்டன. 'பதிப்பு 1.5' என்று பெருமையாக அச்சடித்து விற்கிறார்களே, அப்படி ஒரு பதிப்பை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை! ஆசிரியன் எழுதாத புத்தகம் அவன் பெயரில் ஐந்தாம் பதிப்பு விற்கிற மாதிரி. எழுத்தாளனான எனக்கு இதைப் படித்ததும் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. நகல் என்பதால் எல்லாம் வேலை செய்யாது என்று அர்த்தமில்லை. சில செய்யும், சில பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விழிக்கும். எது எப்படி என்று மேலட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது ஜாதி, கம்பியும் சொந்தத் திரையும் உள்ள கைக்கருவி. இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. கைப்பேசியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். சொருகுவாயின் பதினாறாவது முனையில் வண்டியின் மின்சாரம் எப்போதும் இருக்கும், அதிலிருந்தே இது உயிர் பெறும். இதனாலேயே எந்தச் செருகியையும் வாரக்கணக்கில் வண்டியிலேயே விட்டுவைக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே வண்டியின் பேட்டரியை உறிஞ்சிவிடும். மூன்றாவது ஜாதி பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறுகிறது. பிரேக்கின் ஏபிஎஸ், காற்றுப் பை இவற்றின் குறைகளையும் படிக்கும். தொழில் செய்கிறவர்களுக்கு அது வேண்டும். ஒரே ஒரு பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு, நெல் குத்த ஆலை கட்டின கதை.

விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நாலு. குறையின் எண்ணைச் சொல்ல வேண்டும். குறை நேர்ந்த கணத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்று எடுத்து வைத்த குறிப்பைக் காட்ட வேண்டும். ஓடும்போதே உணர்விகள் சொல்வதைக் காட்ட வேண்டும். நாலாவது, வண்டி தனக்குத்தானே நடத்திக்கொள்ளும் பரீட்சைகளில் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்ற பட்டியலைக் காட்ட வேண்டும். இந்த நாலும் இருந்ததால் நான் இரண்டாவது ஜாதியில் ஒன்றை வாங்கினேன். நாலாவது குணம் எனக்கு எப்படி உபயோகப்படப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதைச் செருகினேன். 'பி0420' என்று எழுந்தது. 'பி' என்றால் இஞ்சினும் அதன் பரிவாரமும். அடுத்த பூஜ்யம், இது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் என்பதற்கு. புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டர் போதுமான அளவு வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். பணிமனைப் பையன் பொய் சொல்லவில்லை.

நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு! எனக்குத் தலை சுற்றியது. வண்டியை விற்றுவிடுவது என்று அப்போதே தீர்மானித்தேன். விற்பதற்கு ஆளும் இருந்தார். எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வெகுநாளாகப் பழைய வண்டி தேடிக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிக்கூடக் கொடுத்திருந்தார். "சார் வண்டின்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று ஒரு தடவை சொன்னவர்.

கருவியில் 'அழி' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம் என்றேன். மஞ்சள் விளக்கு அணைந்தது.

எவ்வளவு சுலபம்! நான் கதைகளில் எத்தனையோ பேரைப் பாவம் செய்ய வைத்திருக்கிறேன். அதற்குமுன் அவர்களை இரண்டு பக்கமாவது மனப் போராட்டத்தில் உழல விட்டிருக்கிறேன். எனக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. பிறகு பல் தேய்க்கப் போய்விட்டேன்.

"விளக்கு அணைஞ்சிடுச்சா? சரியாப் போச்சா?" என்று கேட்டாள் சம்சாரம்.

"அணைஞ்சிடுச்சு" என்றேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆசிரியர் வந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். வீட்டுல ஒரு மெக்கானிக்கைக் காட்டிக்கச் சொன்னாங்க" என்றார். தாராளமாக என்றேன். வாசலில் பழைய மொபெட் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் பாய்.

என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார், நாலு மாதமும் நடுவில் இல்லாதது போல. பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். தீப்பெட்டி அளவு செருகி! உடைந்த மூலையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நான் அவ்வளவு ஆராய்ந்து தள்ளுபடி செய்த முதல் ஜாதி.

"பையன் வாங்கிக் குடுத்தான் சார். மூணு வாங்கி ரெண்டைத் தூக்கிப் போட்டோம். இது ஒண்ணு உண்மை பேசுது" என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தார். குறை எண் எதுவும் இல்லை. ஆசிரியர் முகம் மலர்ந்தது. பாய் இன்னொரு பக்கத்தைத் தள்ளினார். அந்த நாலாவது பட்டியல். கன்வர்ட்டர்: பரீட்சை முடியவில்லை. ஆக்சிஜன் உணர்வி: முடியவில்லை.

எண்ணை அழித்தால் எண் மட்டும் அழிவதில்லை. கூடவே இந்தப் பரீட்சைகளின் முடிவும், அந்தக் கணத்தின் குறிப்பும் அழிந்துபோகும். மறுபடி குளிர்ந்த நிலையிலிருந்து கிளம்பி, பல நாள் பலவித வேகத்தில் ஓட்டினால்தான் பரீட்சைகள் ஒவ்வொன்றாக முடியும். அதுவரை விளக்கு அணைந்திருப்பதற்கு அர்த்தமே இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நான் அழித்தது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். வண்டி அதையும் எழுதி வைத்திருந்தது.

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆசிரியரைப் பார்க்கவில்லை.

"சமீபத்துல பேட்டரி ஏதாச்சும் கழட்டினீங்களா சார்?" என்றார்.

பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பட்டியல் இப்படித்தான் அழிந்து நிற்கும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கலாம். நாலு பேர் முன்னால் நான் அவரை நிறுத்திய மாதிரி அவர் என்னை நிறுத்தவில்லை. வெளியே போக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லை பாய். நான்தான் அழித்தேன். வெள்ளிக்கிழமை. பி0420 இருந்தது" என்றேன்.

அவர் அப்படிக் கேட்காமல் நேரடியாகக் குற்றம் சாட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது. சொல்லத்தான் இருந்தேன் என்று ஆசிரியரிடம் அப்புறம் சொன்னேன். அது வாஸ்தவம்தானா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை.

ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. மொபெட்டின் மேல் ஒட்டியிருந்த வேப்பிலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பாய்தான் பேசினார்: "காலையில ஸ்டார்ட் பண்ணினா 'டப் டப்'னு ஒரு சத்தம் வருமே?"

"வருதே! ஒரு மாசமாச் சொல்றேன், யாரு கேக்கறாங்க?" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

அப்புறம் நடந்தது வைத்தியம். இஞ்சினைக் கிளப்பச் சொன்னார். வீட்டிலிருந்து ஒரு பழந்துணியை வாங்கி, புகைக் குழாயின் பின்வாயை ஒரு நிமிஷம் பொத்திப் பிடிக்கச் சொன்னார். முன்பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். இஞ்சினிலிருந்து குழாய் சேரும் இணைப்பில் 'புஸ்' என்று காற்று பிரிந்தது. சோப்புத் தண்ணீரைத் தெளித்தார், நுரை கொப்பளித்தது. அந்த இடத்தில் மை தீற்றினாற் போலக் கரி.

கன்வர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் உணர்வி, பின்னால் ஒன்று. என் வண்டியில் முன்னால் இருப்பது நிமிஷத்துக்குப் பல தடவை மேலும் கீழும் ஆடும். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னால் இருப்பது ஆடாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்து ஆடினால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று வண்டி முடிவு கட்டிவிடும். இணைப்பில் கசிவு இருந்தால் புகை வெளியே போவது மட்டுமல்ல, இடையிடையே வெளிக்காற்று உள்ளேயும் புகும். அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜன் உணர்விகளைக் குழப்பிவிடும்.

"மெஷின் பொய் சொல்லாது சார். என்ன நோவுன்னு அது சொல்லும். எதனாலன்னு நாமதான் பாக்கணும்" என்றார் பாய்.

மறுநாள் வேப்பமரத்தடியில் கேஸ்கட்டும் இரண்டு போல்ட்டும் மாற்றினார். ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். நான் இரண்டாயிரமாகக் கொடுத்தேன். ஐம்பது ரூபாயை மட்டும் திருப்பித் தந்து, பாக்கியை எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கிளட்ச் கணக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"இதோட கன்வர்ட்டரும் நல்லா இருக்குன்னு இப்பவே சொல்ல மாட்டேன். ஓட்டிப் பாருங்க" என்று எச்சரிக்கவும் செய்தார். எண் மறுபடி ஏறியிருந்தால் அழிக்க வேண்டுமே என்று என் கருவியைச் செருகினோம். வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் என்னிடம் வந்தார். "அந்தப் பரீட்சையெல்லாம் பாஸாகட்டும் சார். அப்புறம் பேசிக்கலாம்" என்றார். வாத்தியார் அல்லவா? பன்னிரண்டு நாள் ஓட்டினேன். சமயபுரம் வரை, குளித்தலை வரை, சந்தையில் ஊர்ந்து, நெடுஞ்சாலையில் விரைந்து. பதின்மூன்றாம் நாள் காலையில் எல்லாப் பரீட்சையும் முடிந்ததாகப் பட்டியல் காட்டிற்று. எண் இல்லை, காத்திருக்கும் எண்ணும் இல்லை. மஞ்சள் விளக்கு தானாக எரியாமலிருந்தது. அதை ஆசிரியரும் பாயும் இருக்கும்போதே காட்டினேன். முதலில் சொன்ன விலையில் ஐயாயிரம் குறைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்தேன். வாங்கும்போது அவர் 'கண்ணை மூடிட்டு வாங்கலாம்' என்று சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.

"எதுக்கு சார்? பாய் இருக்காரே" என்று சொல்லிவிட்டார்.

ஆக, இப்போது என்னிடம் வண்டி இல்லை. கருவி மட்டும் மேஜை டிராயரில், பேனாக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விஷயம் தெரிந்து தெருவில் யாராவது இரவல் கேட்டு வருவார்கள். தாராளமாகக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது ஒரு காகிதத்தையும் பென்சிலையும் சேர்த்துக் கொடுக்கிறேன். "முதலில் எண்ணையும் அதன் குறிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்து, யாரிடமாவது காட்டி, காரணம் தெரிந்த பிறகு அழிக்கலாம்" என்கிறேன். நன்றாகத் தெரிந்தவர் சொல்கிறார் என்று அவர்களும் தலையை ஆட்டிவிட்டு வாங்கிப் போகிறார்கள்.